பராமரிப்புத் தொண்டு நிறுவனத்துக்குத் தலைவராகும் முன்

கேள்வி சுருக்கமாக இதுதான். இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக வாழும் தமிழர் ஒருவர், கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே அன்றாடப் பராமரிப்பு வழங்கும் தொண்டு நிறுவனம் ஒன்று, அவரைத் தன் அறங்காவலர் குழுவின் தலைவராக வரும்படி அழைத்திருக்கிறது. ஊதியம் கிடையாது. "மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் நடத்தினால் போதும் என்கிறார்கள். உண்மையில் தலைவரின் வேலை என்ன? ஏதாவது தவறு நடந்தால் என் வீடு வாசலுக்கு ஆபத்து வருமா?" என்று கேட்கிறார். இப்படிப்பட்ட குழுக்களில் உறுப்பினராகவும் தலைவராகவும் இருந்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கூட்டம் நடத்தினால் போதும் என்று சொன்னவர், அந்தப் பதவியின் மிக எளிய பகுதியை மட்டும் உங்களிடம் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால், தலைவரின் முதல் வேலை ஒன்றே ஒன்று: நிறுவனத்துக்குள் நடக்கும் கெட்ட செய்தி தாமதமில்லாமலும் மெருகு பூசப்படாமலும் குழுவின் மேசைக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது. கூட்டம் நடத்துவது, தலைமை நிர்வாகியோடு பேசுவது, வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது, கணக்கைப் படிப்பது எல்லாமே அதற்காகத்தான்.

முதலில் சட்டம். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி ஒரு தொண்டு நிறுவனத்தை நடத்தும் பொறுப்பு எல்லா அறங்காவலர்களுக்கும் சேர்ந்தே உண்டு. (ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டமும் கண்காணிப்பு அமைப்புகளும் வேறு.) தலைவருக்கென்று தனி அதிகாரம் எதையும் சட்டம் தருவதில்லை. நிறுவனத்தின் விதிமுறை ஆவணம் என்ன தருகிறதோ அவ்வளவுதான். பெரும்பாலும் அது கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதோடும், வாக்குகள் சரிசமமானால் தீர்மான வாக்கு அளிப்பதோடும் முடிந்துவிடும். நீங்கள் தனியாக ஒரு ஒப்பந்தத்தை ஏற்க முடியாது. தலைமை நிர்வாகியைத் தனியாக நீக்க முடியாது. இரண்டு கூட்டங்களுக்கு இடையே அவசரமாக ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தால், அதற்கான அனுமதியைக் குழு முன்கூட்டியே எழுத்தில் தந்திருக்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் அதை நீங்கள் தெரிவிக்கவும் வேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மவர்கள் பலருக்குத் 'தலைவர்' என்ற பதவி பழக்கமானது கோயில், தமிழ்ப் பள்ளி, பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றின் வழியாக. அவற்றில் பலவும் பதிவு செய்யப்பட்ட தொண்டு நிறுவனங்களே. அங்கே சம்பள ஊழியர்கள் குறைவு. ஆகவே மண்டபம் பிடிப்பதிலிருந்து சாவியை வைத்திருப்பது வரை தலைவரும் செயலாளருமே செய்கிறார்கள், அது சரியும்கூட. பராமரிப்பு நிறுவனத்தில் நூறு, இருநூறு பேர் சம்பளத்துக்கு வேலை செய்வார்கள். அவர்களை நடத்துபவர் தலைமை நிர்வாகி. நீங்கள் ஒரு வீட்டின் மேலாளரை நேரடியாக அழைத்து "இதை இப்படி மாற்றுங்கள்" என்று சொன்னால், நல்ல எண்ணத்தில் சொல்லியிருந்தாலும், அந்த மேலாளருக்கு யார் சொல்வதைக் கேட்பது என்ற குழப்பம் அன்றே தொடங்கிவிடும்.

அடுத்து உங்கள் வீடு வாசல். இத்தகைய நிறுவனங்களில் பெரும்பாலானவை உத்தரவாத வரம்புள்ள கம்பெனியாகவோ (பங்குதாரர் இல்லாத கம்பெனி வகை) சி.ஐ.ஓ. என்ற, தொண்டு நிறுவனங்களுக்கென்றே உள்ள தனி வகையாகவோ பதிவாகியிருக்கும். நிறுவனத்தின் கடன் நிறுவனத்தோடு நிற்கும், உங்கள் வீட்டுப் பத்திரம் வரை வராது. ஆனால் கம்பெனியாக இருந்தால் நீங்கள் அறங்காவலர் மட்டுமல்ல, இயக்குநரும் ஆவீர்கள். 2006ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 174ஆம் பிரிவு, இயக்குநரின் கவனத்தை இரண்டு அளவுகோல்களால் அளக்கிறது: அந்தப் பொறுப்பில் இருக்கும் சாதாரண மனிதரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பது ஒன்று, உங்களிடம் உண்மையில் என்ன அறிவும் அனுபவமும் இருக்கிறது என்பது மற்றொன்று. கணக்காளரான நீங்கள் "கணக்கில் இருந்த ஓட்டை என் கண்ணில் படவில்லை" என்று சொன்னால் எளிதாக ஏற்க மாட்டார்கள். சம்பளம் வாங்காததால் கடமை குறைந்துவிடாது. அதே நேரத்தில் நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்துகொண்ட அறங்காவலரைத் தனிப்பட்ட இழப்பிலிருந்து விடுவிக்கும் அதிகாரம், தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சாரிட்டி கமிஷனுக்கும் நீதிமன்றத்துக்கும் உண்டு. அறங்காவலர்களுக்கான காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பயணச் செலவைக் கேட்டு வாங்குங்கள். "எனக்கு வேண்டாம்" என்று நீங்கள் விட்டுக்கொடுத்தால், உங்களுக்குப் பின் வரும் வசதி குறைந்த ஒருவர் அதைக் கேட்கக் கூச்சப்படுவார்.

பொறுப்பு எப்படிப்பட்டது என்பதைக் காட்டக் கிட்ஸ் கம்பெனியின் கதையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1996இல் கமிலா பட்மாங்கெலிட்ஜ் தொடங்கிய அந்த நிறுவனம் லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளையும் இளைஞர்களையும் பார்த்துக்கொண்டது. பிரதமர்கள் வரை பலரும் அதைப் பாராட்டினார்கள். பி.பி.சி.யில் மூத்த பொறுப்பில் இருந்த ஆலன் யென்டாப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அதன் தலைவராக இருந்தார். 2015 ஆகஸ்டில், அரசு 30 இலட்சம் பவுண்டு கொடுத்த சில நாட்களிலேயே, அது மூடப்பட்டது. 2016 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு ஒன்று அறங்காவலர்களைக் கடுமையாகக் குறை கூறியது. அவர்களை இயக்குநர் பதவிகளிலிருந்து விலக்கிவைக்கக் கோரி அரசுத் தரப்பு வழக்கும் தொடுத்தது. நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து ஐந்தரை ஆண்டுகள் அந்த மனிதர்களின் தலைமேல் கத்தி தொங்கியது. 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற நீதிபதி ஃபால்க் வழக்கைத் தள்ளுபடி செய்தார். நிறுவனத்தின் மீது சுமத்தப்பட்ட பாலியல் புகார்கள் ஆதாரமற்றவை என்றும், அவை எழாமல் இருந்திருந்தால் அது பிழைத்திருக்கவும் கூடும் என்றும் சொன்னார். திறமையும் அனுபவமும் உள்ளவர்கள் இப்பொறுப்பை ஏற்பதற்கே அஞ்சும்படி அரசு அமைப்புகள் நடந்துகொள்ளக் கூடாது என்பதையும் தீர்ப்பில் எழுதினார்.

அத்தோடு கதை முடியவில்லை. 2022 பிப்ரவரியில் சாரிட்டி கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. ஊழியர்களுக்கும் வரித்துறைக்கும் மற்றக் கடன்காரர்களுக்கும் உரிய நேரத்தில் பணம் செலுத்தத் திரும்பத் திரும்பத் தவறியது நிர்வாகக் குறைபாடு என்று அது பதிவு செய்தது. நீதிமன்றத் தீர்ப்பையும் இந்த அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். அந்த அறங்காவலர்கள் கெட்டவர்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். ஆனாலும் சேமிப்பு இல்லாமல், அடுத்த மானியத்தை நம்பி, வரும் பணத்தை வந்த வேகத்திலேயே செலவழிக்கும் நிறுவனத்தில் ஒரே ஒரு அதிர்ச்சி போதும். "இப்படியே போனால் அடுத்த சம்பளத் தேதியில் என்ன செய்வோம்?" என்ற கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் மேசையில் வைக்க வேண்டியவர் தலைவர். நிறுவனரின் ஆளுமை பெரிதாக இருக்கும் இடத்தில் அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். உங்களை அழைத்திருக்கும் நிறுவனத்தில் நிறுவனர் இன்னும் பொறுப்பில் இருந்தால், இதை இருமுறை யோசியுங்கள்.

தலைமை நிர்வாகியோடு உங்களுக்குள்ள உறவுதான் இந்தப் பதவியின் மையம். குழுவின் சார்பில் அவருடைய பணியை மதிப்பிடுபவர் நீங்கள். அவர் மனம் விட்டுப் பேசக்கூடிய ஒரே ஆளும் பெரும்பாலும் நீங்களே. தன் ஊழியர்களிடம் அவர் தன் அச்சத்தைச் சொல்ல முடியாது, பராமரிப்புக்குப் பணம் தரும் உள்ளூர் கவுன்சிலிடம் (உள்ளாட்சி அமைப்பு) நிச்சயமாகச் சொல்ல முடியாது. மாதம் ஒரு முறையாவது தனியாக உட்காருங்கள். அறிக்கைகளைப் பேசி முடித்த பிறகு "இந்த மாதம் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது எது?" என்று கேளுங்கள். முதல் முறை அவர் ஒரு கெட்ட செய்தியைக் கொண்டு வரும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை அவர் மறக்க மாட்டார். சீறினால் அடுத்த செய்தி மூன்று மாதம் கழித்து, அழகான வரைபடத்தோடு வரும். "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினாலும் தவறே. என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, யாருக்கெல்லாம் தெரிவித்தாயிற்று, குழுவுக்கு எப்போது சொல்லப்போகிறோம் என்று நிதானமாகக் கேட்பதே சரி. நட்பு வளரும், வளரட்டும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மற்ற அறங்காவலர்களிடம் கருத்துக் கேட்டு, எழுத்து வடிவில் மதிப்பீடு செய்யாமல் விடாதீர்கள். நட்பைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போடும் தலைவர்கள் நிறையப் பேர்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாள்கள் ஒரு வாரம் முன்பே வந்து சேர வேண்டும். நிகழ்ச்சி நிரலில் பராமரிப்பின் தரமும் பாதுகாப்பும் முதலில் வரட்டும், பணம் பிறகு. கணக்காளர் தலைவரானால் இது தலைகீழாக மாறும், நிதி அறிக்கையில் ஒன்றரை மணி நேரம் போய், மனிதர்களைப் பற்றிய அறிக்கை, எல்லோரும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வரும். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். யார் என்ன கேள்வி எழுப்பினார், என்ன பதில் கிடைத்தது என்பது குறிப்பேட்டில் இருக்க வேண்டும். "அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற ஒற்றை வரி, பின்னால் விசாரணை வரும்போது உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. ஒவ்வொரு கூட்ட முடிவிலும் ஊழியர்கள் இல்லாமல் அறங்காவலர்கள் மட்டும் பத்து நிமிடம் பேசும் வழக்கத்தை முதல் கூட்டத்திலேயே தொடங்கிவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு தொடங்கினால் தலைமை நிர்வாகி பதறிப்போவார்.

இனிப் பராமரிப்பு. இங்கேதான் வேறு துறையிலிருந்து வரும் தலைவர்கள் தடுமாறுகிறார்கள். இங்கிலாந்தில் இச்சேவைகளைக் கண்காணிப்பது கேர் குவாலிட்டி கமிஷன். பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவோடு நடக்கிறதா, தேவைக்கு ஏற்ப மாறுகிறதா, நன்றாக வழிநடத்தப்படுகிறதா என்ற ஐந்து கேள்விகளை அது கேட்கிறது. 'மிகச் சிறப்பு', 'நன்று', 'முன்னேற்றம் தேவை', 'போதாது' என்ற நான்கு தரங்களில் ஒன்றைத் தருகிறது. ஐந்தாவது கேள்வி நேராக உங்கள் குழுவை நோக்கியது. இயக்குநர்கள் தகுதியும் நன்னடத்தையும் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி தலைவருக்கும் பொருந்தும். ஆகவே உங்கள் பின்னணியைச் சோதிப்பார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், செய்யாமல் விட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

நீங்கள் சொல்லும் வகை நிறுவனத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அங்கே வசிப்பவர்கள் வாடகைதாரர்கள். அவர்களுக்குக் குளிக்க, உடுத்த, சாப்பிட உதவும் தனிநபர் பராமரிப்பை மட்டுமே அந்தக் கமிஷன் கண்காணிக்கிறது, கட்டடத்தை அல்ல. சுவரில் ஈரம் ஊறினாலும் குளிர்காலத்தில் பாய்லர் பழுதானாலும் அது வீட்டு உரிமையாளரின் பாடு. அறிக்கையில் 'நன்று' என்று இருக்கும், வீட்டில் ஒருவர் நடுங்கிக்கொண்டிருப்பார். அதனால்தான் அறங்காவலர்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன்.

போகும்போது அது மற்றவர் வீடு என்பதை மறக்காதீர்கள். அனுமதி கேட்டு, கதவைத் தட்டி, அவர்கள் உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள். ஆய்வாளரைப் போலக் கையில் பட்டியலோடு போக வேண்டாம். ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் நேரத்தில் நிறையத் தெரியும். அன்று பணியில் இருப்பவர் நிரந்தர ஊழியரா, ஏஜென்சியிலிருந்து வந்தவரா? அவருக்கு அந்த வீட்டில் வசிப்பவரின் விருப்பு வெறுப்பு தெரிகிறதா? பேச்சு வராத ஒருவர் கையசைத்தால் அதன் பொருள் அவருக்குப் புரிகிறதா? குளிர்பதனப் பெட்டியில் இருப்பது வசிப்பவர் தேர்ந்த உணவா, ஊழியருக்கு வசதியான உணவா? பார்த்ததைத் தலைமை நிர்வாகியிடம் சொல்லுங்கள். வீட்டிலேயே உத்தரவு போட்டுவிட்டு வராதீர்கள்.

2011 மே மாதம் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி, பிரிஸ்டல் அருகே இருந்த வின்டர்போர்ன் வியூ என்ற மருத்துவமனையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அடிக்கப்பட்டதையும் வதைக்கப்பட்டதையும் இரகசியக் கேமராவில் பதிவு செய்து காட்டியது. அடுத்த ஆண்டு பதினொரு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அது தொண்டு நிறுவனம் அல்ல, தனியார் நிறுவனம் நடத்தியது. ஆனாலும் இத்துறையில் தலைவராகும் ஒவ்வொருவரும் அந்த வழக்கைப் பற்றிய ஆய்வறிக்கையைப் படிக்க வேண்டும் என்பேன். அங்கே பணியாற்றிய மூத்த செவிலியர் ஒருவர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு அமைப்பிடமும் முன்பே புகார் செய்திருந்தார். யாரும் செவிகொடுக்கவில்லை. செய்தி கிளம்பியது, வழியில் நின்றுவிட்டது.

உங்கள் நிறுவனத்தில் அது எங்கே நிற்கக்கூடும் என்று யோசியுங்கள். ஆண்டு முழுவதும் ஒரு புகார்கூட இல்லை என்று அறிக்கை சொன்னால் மகிழாதீர்கள், எனக்கு அது அபாயச் சங்காகத்தான் கேட்கும். பேச முடியாதவர்கள் வாழும் வீடுகளில் புகார் இல்லை என்றால், கேட்கும் வழி அடைபட்டிருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள், பிடித்து அடக்கிய நிகழ்வுகள், ஊழியர்கள் விலகும் வேகம், ஏஜென்சி ஊழியர்களின் அளவு ஆகியவற்றை வீடு வாரியாகக் கேளுங்கள். மொத்த சராசரி ஒரு மோசமான வீட்டை மறைத்துவிடும். வெளிநாட்டிலிருந்து விசாவில் வந்த ஊழியர்கள் பலர் இருக்கக்கூடும். 2022 பிப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்கு அந்த வாய்ப்புத் திறந்தது, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பது நிறுத்தப்பட்டது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் அதில் உண்டு. வேலை போனால் விசாவும் போகும் என்ற நிலையில் இருப்பவர், தன் மேலாளர் செய்யும் தவறை எளிதில் வெளியே சொல்ல மாட்டார். புகார் செய்ய விரும்புவோர் நேரடியாகத் தொடர்புகொள்ள ஒரு அறங்காவலரின் பெயர் எல்லா வீடுகளிலும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இவர்களை நினைத்துத்தான்.

கொடுமை நடந்ததாகச் சந்தேகம் எழுந்தால் தட்ட வேண்டிய கதவுகள் மூன்று. 2014ஆம் ஆண்டின் கேர் சட்டம் 42ஆம் பிரிவின்படி விசாரிக்கும் கடமை உள்ளூர் கவுன்சிலுக்கு. கேர் குவாலிட்டி கமிஷனுக்கும் தெரிவிக்க வேண்டும். கடுமையான நிகழ்வாக இருந்தால் சாரிட்டி கமிஷனுக்கும் தாமதமின்றி அறிக்கை தர வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், அதற்கான பொறுப்பு அறங்காவலர்களுடையது. குற்றமாகத் தோன்றினால் காவல்துறை. பாதிக்கப்பட்டவரிடமும் குடும்பத்திடமும் நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்பதும் விதியில் உள்ள கடமை. வழக்கறிஞரோ காப்பீட்டு நிறுவனமோ "வாயைத் திறக்காதீர்கள்" என்று சொல்லும் நாளில், அந்தக் கடமையை நினைவூட்ட வேண்டியவர் தலைவர்.

பணத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இத்துறையின் விசித்திரத்தை மட்டும் சொல்கிறேன். வருமானத்தின் பெரும்பகுதி கவுன்சில் நிர்ணயிக்கும் மணிக் கட்டணம், செலவின் பெரும்பகுதி அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலி. இரண்டிலும் உங்கள் கை ஓங்காது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டிலிருந்து 12.21 ஆனது. அதே நாட்களில், ஊழியரின் சம்பளத்தைப் பொறுத்து முதலாளி அரசுக்குச் செலுத்தும் தேசியக் காப்பீடு 13.8 விழுக்காட்டிலிருந்து 15 ஆக ஏறியது. அது தொடங்கும் வருமான வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. வாரம் 37.5 மணி நேரம் வேலை செய்யும் ஒருவருக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 2,500 பவுண்டு கூடுகிறது. நூறு பேர் என்றால் இரண்டரை இலட்சம். கவுன்சில் கட்டணத்தை அதற்கேற்ப உயர்த்தாவிட்டால் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

நீதிமன்றத்திலிருந்தும் இடி விழும். இரவில் வசிப்பவரின் வீட்டிலேயே தூங்கி, தேவைப்பட்டால் மட்டும் எழுந்து உதவும் ஊழியருக்கு முழு இரவுக்கும் குறைந்தபட்சக் கூலி தர வேண்டுமா என்ற வழக்கில் மென்கேப் என்ற பெரிய தொண்டு நிறுவனம் பல ஆண்டுகள் சிக்கியிருந்தது. தர வேண்டும் என்றால் துறை முழுவதற்கும் பழைய பாக்கி 40 கோடி பவுண்டு வரை போகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 2021 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம், விழித்து வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் தந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் பிழைத்தன. குறைந்த கூலி வாங்கும் ஊழியர்களுக்கு அது கசப்பான நாள். அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் உணர முடியாதவர் இந்தப் பதவிக்கு ஏற்றவர் அல்லர் என்பது என் எண்ணம்.

நட்டம் தரும் ஒப்பந்தத்தைக் கவுன்சிலிடம் திருப்பிக் கொடுப்பது தலைவர் சந்திக்கும் முடிவுகளிலேயே கடினமானது. இருபது ஆண்டுகளாக அந்த வீட்டில் இருப்பவரின் முகம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உயில் மூலம் யாரோ விட்டுச்சென்ற நன்கொடையை எடுத்து, கவுன்சில் தர வேண்டிய பணத்துக்கு ஈடுகட்டிக்கொண்டே போனால், ஒருநாள் எல்லா வீடுகளும் சேர்ந்து மூடப்படும். எவ்வளவு காலம், எவ்வளவு தொகை வரை ஈடுகட்டுவோம் என்பதைக் குழு தெரிந்தே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பதானால் அறிவிப்புக் காலம் முடியும்வரை சம்பளம் கொடுக்கக் கையில் பணம் இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

தயக்கம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். 2017இல் வெளியான ஆய்வின்படி இங்கிலாந்து, வேல்ஸ் அறங்காவலர்களில் 92 விழுக்காட்டினர் வெள்ளையர், ஆண்கள் பெண்களைப்போல் இரு மடங்கு. பராமரிப்பைக் கொடுப்பவர்களும் பெறுபவர்களும் அப்படி இல்லை. உங்களைப் போன்றவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு உட்காருங்கள்.

சம்மதம் சொல்வதற்கு முன் கடைசி இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகள், கேர் குவாலிட்டி கமிஷனின் எல்லா அறிக்கைகள், வரும் பன்னிரண்டு மாதங்களுக்கான பண வரத்துக் கணிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். விலகிப்போகும் தலைவரைத் தனியாகச் சந்தித்து ஏன் போகிறார் என்று கேளுங்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் குழுவில் நீடிப்பதானால் கடுமையாகப் பரிசீலித்த பிறகே மீண்டும் நியமிக்க வேண்டும் என்றது, தொண்டு நிறுவனங்களுக்கான 2017ஆம் ஆண்டின் நல்லாட்சிக் கோவை. அவர் அதைத் தாண்டி இருந்தவரா என்று பாருங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று விளம்பரத்தில் இருக்கும். அமைதியான மாதங்களில் அது சரி. தலைமை நிர்வாகி மாறும் காலத்திலோ, ஒரு வீட்டில் விசாரணை நடக்கும்போதோ அது வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாகிவிடும், அந்தக் காலம் எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வீட்டிலுள்ளவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுச் சம்மதியுங்கள்.